கிரேன் லாசருக்கு ஞாயிற்றுக்கிழமை பசிக்காது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். நாளைக்கோ நாளை மறுநாளோ உங்கள் மேசைக்கு எதிரே ஒருவர் வந்து உட்காருவார். உட்கார்ந்ததும், "மாத்திரை எல்லாம் வேண்டாம் மேடம், பசியைக் குறைக்க இயற்கையா ஏதாவது வழி சொல்லுங்க" என்பார். உங்களுக்கு உடனே வாய் துறுதுறுக்கும். படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், துறுதுறுக்கத்தான் செய்யும். சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர், தட்டில் பாதி காய்கறி, சுண்டல், முட்டை, மோர், மெதுவாக மெல்லுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடலாம். இதில் எதுவும் தப்பில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க நானும் இதையேதான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள், வந்தவரைக் கொஞ்சம் குடையுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது திருவொற்றியூரில். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளும் எண்ணூர் பக்கத்துச் சரக்கு யார்டுகளும் சேர்ந்து தங்கள் ஆட்களுக்காக நடத்திய மருத்துவ மையம் அது. என் அறைக் கதவில் டயட்டீஷியன் என்று எழுதியிருக்கும். வருகிறவர்கள் அதைப் படிப்பதில்லை. "சாப்பாட்டு மேடம் கீறாங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள். நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. பக்கத்து வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படி ஒரு வம்புக் குணம். அம்மா அதற்காக என்னைத் திட்டாத நாள் இல்லை. கடைசியில் அந்தக் குணம்தான் எனக்குச் சோறு போட்டது.

நான் சேர்ந்தபோது அங்கே ஒரு சீனியர் அம்மா இருந்தார். எப்போதும் சிடுசிடுவென்று இருப்பார். பெயரைச் சொல்ல மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. யார் வந்து "ரொம்பப் பசிக்குது" என்று புலம்பினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "எப்பப் பசிக்கல?"

எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. பசிக்கிறது என்று வந்தவரிடம் பசிக்காத நேரத்தைப் பற்றி எதற்குக் கேட்கிறார்? அதற்கும் சீக்கிரமே விடை கிடைத்தது. எங்கள் தண்டையார்பேட்டையிலிருந்தே ஒரு குடோன் வாட்ச்மேன் வந்தார். தினமும் சாயங்காலம் ஆனால் பசி பிடுங்கித் தின்கிறது, கண்டதையும் சாப்பிட்டு உடம்பு ஊதிவிட்டது என்றார். சீனியர் அம்மா வழக்கம்போலக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "போன வாரம் கடையடப்பு பண்ணாங்களே, அன்னிக்குப் பசிக்கல" என்றார். எந்தக் கடை, எங்கே இருக்கிறது என்று தோண்டித் துருவியதில் விஷயம் வெளியே வந்தது. அவர் நாற்காலி போட்டிருந்த கேட்டுக்கு நேர் எதிரே பஜ்ஜிக் கடை. குடோனுக்கு இன்னொரு கேட்டும் இருந்தது. "நாற்காலிய அந்தப் பக்கம் போட்டுக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் வைத்தியம். அந்த ஆள் மறுபடி வந்தபோது சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடிக்காமல் போட முடிகிறது என்று காட்டிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு வந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. பசி வயிற்றில்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீனியர் அம்மா ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். அது என்னை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அதிகம் அலைய வைத்தது லாசர் விஷயத்தில்தான்.

லாசர் ராயபுரத்துக்காரர். எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டர். அந்தக் கிரேன்களை நீங்கள் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள், வீட்டுக்கு மேல் வீடு வைத்தது மாதிரி கால் பரப்பி நிற்கும். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதைக் கேபின் என்பார்கள். செங்குத்தான ஏணியில் ஏறி, உள்ளே உட்கார்ந்து, காலுக்குக் கீழே இருக்கிற கண்ணாடி வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டே கண்டெய்னரைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறக்கம், மதியம் ஏறினால் சாயங்காலம்தான். லாசர் அந்த யார்டிலேயே கை நேர்த்தியான ஆபரேட்டர் என்று பெயர் எடுத்தவர். அவர் இறக்கினால் கண்டெய்னர் லாரியில் உட்காருகிற சத்தமே கேட்காதாம்.

அவருக்கு எடையும் ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டே போயின. உடல் தகுதிப் பரிசோதனை செய்த எங்கள் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த பரிசோதனைக்குள் இரண்டும் இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கேபினுக்குத் தகுதி இல்லை என்று எழுதிவிடுவேன், அப்புறம் தரையில் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். வேலை போகாது. ஆனால் லாசருக்குக் கேபின்தான் வேலை. மைதானத்தில் நின்று கொடி ஆட்டுகிற தன்னை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. என் அறையில் உட்கார்ந்திருந்தபோது அவர் கை நாற்காலிப் பிடியை லீவரைப் பிடிப்பது மாதிரியே பிடித்துக்கொண்டிருந்தது.

கூடவே மனைவி எமிலியும் வந்திருந்தார். அவர்தான் பேசினார்.

"மேடம், இந்தாளு சோத்த துன்னல. சோத்தோட சண்ட போடுறாரு. டூட்டி முட்ச்சி வந்தா யூனிஃபார்மக்கூட கயட்டாம தட்டு முன்னாடி குந்திடுவாரு. தலய குன்ஞ்சா குன்ஞ்சதுதான், தட்டு காலியாவற வரிக்கும் நிமிர மாட்டாரு. இன்னா கொழம்புன்னு அப்பால கேட்டுப் பாருங்க, தெரியாது."

நான் சும்மா இருப்பேனா? "நேத்து என்ன குழம்பு அண்ணே?" என்று கேட்டேன்.

லாசர் யோசித்தார். "மீன் கொழம்பு" என்றார், பாதி சந்தேகத்தோடு.

"கத்திரிக்கா காரக்கொழம்பு" என்றார் எமிலி. அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

வழக்கமான யோசனைகளை எல்லாம் சொன்னேன். சாப்பிடுவதற்கு முன்னால் தண்ணீர் குடியுங்கள் என்பதும் அதில் ஒன்று. லாசர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாகச் சீனியர் அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். "எப்பப் பசிக்கல?"

"ஞாயித்துக்கெயம மேடம்" என்றார் உடனே. "துன்னுவேன். ஆனா அந்தப் பேய்ப்பசி இருக்காது."

எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஏன் ஞாயிற்றுக்கிழமை? கோவிலுக்குப் போய் மனம் அமைதியாக இருப்பதாலா? நன்றாகத் தூங்கி எழுவதாலா? எமிலியைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைதான் எறால் தொக்கும் மாட்டுக்கறி வறுவலும் செய்வாராம். வீடே மணக்கிற நாளில் இந்த மனிதருக்குப் பசிக்கவில்லை, வெறும் காரக்குழம்பு நாளில் பேய்ப்பசி பசிக்கிறது. பஜ்ஜிக் கடை வைத்தியம் இங்கே செல்லாது என்று புரிந்தது. வேறு என்னவென்று புரியவில்லை.

வாரம் ஒரு நாள் நான் அந்த யார்டின் முதலுதவி அறைக்குப் போய் உட்காருவது வழக்கம். அங்கே லாசரைப் பார்க்கும்போதெல்லாம் குடைந்தேன். ஒரு முறை புதுத் தகவல் ஒன்று கிடைத்தது. கிரேன் ரிப்பேராகி நாள் முழுக்கக் கீழேயே உட்கார்ந்திருந்த அன்றைக்கும் பேய்ப்பசி வரவில்லையாம். அப்படியானால் காரணம் வீடும் இல்லை, கோவிலும் இல்லை. மேலே ஏறினால்தான் பசிக்கிறது. உயரத்தில் உட்கார்ந்து பாரம் தூக்குகிற பதற்றம்தான் பசியாக மாறுகிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தேன். லாசர் பொறுமையாக மூச்சைக் கவனித்தார். எடை அசையவில்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"ஆங், குடிக்கிறேன் மேடம்" என்பார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

பரிசோதனை நெருங்கியது. லாசருக்குப் பயம் வந்துவிட்டது. என்னிடமும் சொல்லாமல், எமிலியிடமும் சொல்லாமல், மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். எமிலி கட்டிக் கொடுக்கிற கேரியரை அப்படியே நண்பர்களிடம் தள்ளிவிட்டு வெறும் வயிற்றோடு மறுபடி மேலே ஏறியிருக்கிறார். நல்ல வெயில் காலம் அது. கேபினில் குளிர்சாதனம் என்று ஒன்று உண்டு, அது வேலை செய்த நாளைவிடச் செய்யாத நாள்தான் அதிகம்.

நான் யார்டில் இருந்த ஒரு மதியம் அது நடந்தது. முதலுதவி அறையில் நர்ஸின் மேசை மேல் ஒரு வாக்கி டாக்கி எப்போதும் கரகரத்துக்கொண்டே இருக்கும். அதில் லாசரின் குரல் வந்தது.

"கீய கீறவங்க அல்லாரும் தள்ளிப் போங்கபா. எனுக்குத் தல சுத்துது. பிரேக் போட்டுட்டேன். இனிமே நான் கைய வெக்க மாட்டேன்."

வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன். கண்டெய்னர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே லாரி. டிரைவர் குதித்து ஓடிவந்துகொண்டிருந்தார். கீழே நின்ற சூப்பர்வைசர், "லாசரு, கொஞ்சந்தாம்பா கீது, எறக்கி வெச்சிட்டு அப்பால வா" என்று மைக்கில் கெஞ்சினார்.

"ரெண்டு லாரி தெரியுது எனுக்கு. எதுல எறக்கறது? மாட்டேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கிரேன்காரனுக்குப் பாதி வேலையில் கையை எடுப்பது பெரிய அவமானம். இன்னும் கொஞ்சம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பரிசோதனையை எதிரே வைத்துக்கொண்டு எனக்குத் தலை சுற்றுகிறது என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னால் கேபின் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். அந்த நிமிஷம் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை பொங்கியது.

செல்வம் என்று ஒரு ஸ்பேர் ஆபரேட்டர், யாராவது வராவிட்டால் ஏறுகிற மாற்று ஆள். திருவொற்றியூர் குப்பத்துக்காரர், லாசருக்குத் தோஸ்து, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அவர்தான் விறுவிறுவென்று மேலே ஏறிக் கண்டெய்னரைப் பத்திரமாக இறக்கி வைத்தார். பிறகு லாசரைத் தனக்கு மேலே விட்டு, ஒவ்வொரு படியாகக் கால் வைக்கச் சொல்லிக் கீழே கொண்டுவந்தார்.

முதலுதவி அறையில் படுக்க வைத்தோம். உதடு வெடித்துக் காய்ந்து கிடந்தது. டாக்டர் போனில் சொல்லச் சொல்ல நர்ஸ் எல்லாவற்றையும் சரிபார்த்தார், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தார். லாசர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். அதையும் குடித்துவிட்டு மறுபடி கேட்டார். அவசரம் வேண்டாம், மெதுவாகக் குடியுங்கள் என்று நர்ஸ் அதட்ட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் முகத்தில் களை வந்தது, எழுந்து உட்கார்ந்தார்.

அதற்குள் மேனேஜர் போன் செய்துவிட்டார். "இனிமே அவர் ஏறலாமா கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை, லாரிகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. "அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். இன்னிக்கு ஏற வேண்டாம். இது ஏன் நடந்ததுன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் வந்து பேசறேன்" என்றேன். இன்னும் தெரியவில்லை என்பதை வெட்கப்படாமல் சொல்லப் பழகுங்கள். ஒரே வார்த்தை கேட்கிறவர்களுக்கு அவசரமாக ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டால், அது யாரோ ஒருவர் தலையில்தான் போய் விழும்.

செல்வம் லாசரின் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மொதல்ல துன்னுபா நீ. பட்னி கெடந்து எங்க உயிர வாங்காத" என்று திட்டிக்கொண்டே திறந்தார். அறை முழுக்க வாசனை.

லாசர் எட்டிப் பார்த்தார். "சுறாப்புட்டா?" என்றார். பிறகு, "அப்பால துன்றேன். இப்பப் பசிக்கல" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. காலையில் சாப்பிட்டதோடு சரி. சோற்றோடு சண்டை போடுகிற ஆள். எதிரே சுறாப்புட்டு திறந்திருக்கிறது, பசிக்கவில்லை என்கிறார். போதாததற்கு, அது என்ன பதார்த்தம் என்று பெயர் சொல்கிறார். தலைசுற்றலில் பசி தெரியாது மேடம் என்றார் நர்ஸ். அதுவும் இருக்கலாம்தான். ஆனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது, ரிப்பேர் நாள் ஞாபகம் வந்தது, காலியான டம்ளர் கண்ணில் பட்டது.

"லாசர் அண்ணே, மேலே இருக்கும்போது எப்பத் தண்ணி குடிப்பீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத்தல்லாம் லேடீஸாண்ட எப்டி மேடம் சொல்றது" என்று நெளிந்தார் செல்வம்.

"நானும் தண்டையார்பேட்டதான் நைனா. டபாய்க்காம சொல்லு."

"மேல தண்ணி எட்த்துகினு போவ மாட்டோம் மேடம்" என்றார் செல்வம். "குட்ச்சா ஒண்ணுக்கு வரும். வந்தா எறங்கணும். கக்கூஸு மெயின் கேட்டாண்ட கீது. அம்மாந்தூரம் போயிட்டு வந்து மறுபடி ஏர்றதுக்குள்ள லாரிங்க நின்னுக்கினு ஒரே பேஜாரு, ஆளாளுக்குக் கத்துவானுங்க. அதான் எங்காளுங்க எவனும் டூட்டில குடிக்க மாட்டான். புச்சா ஒர்த்தன் வந்தா மொதல்ல சொல்லித் தர்றதே இதான். கேபின்காரன்னா தண்ணிய அடக்கத் தெரியணும்."

"மதியம் இறங்கினதும் குடிக்கலாம் இல்ல?"

"ஒரு வாய் நனச்சிக்குவோம் மேடம். மறுபடி ஏறணுமே" என்றார் லாசர் தரையைப் பார்த்தபடி.

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர் குடியுங்கள் என்று இவரிடம்தான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயிலில் கண்ணாடிக் கூண்டுக்குள் காய்ந்து வறண்டு இறங்குகிற உடம்பு எதையாவது உள்ளே தள்ளு என்று கத்துகிறது. இவர்கள் தண்ணீரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டதால், மிச்சம் இருப்பது சோறு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கையெட்டும் தூரத்தில் குடமும் இருக்கிறது, கழிப்பறையும் இருக்கிறது. பேய் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் செல்வத்தின் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டேன். அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

பசி என்று தெரிவதெல்லாம் தாகம்தான் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படி இல்லை. நிஜமாகவே பசிக்கிறவர்களும் உண்டு, தூக்கம் இல்லாமல் பசிக்கிறவர்களும் உண்டு, துக்கத்தில் பசிக்கிறவர்களும் உண்டு. நான் சொல்வது லாசரின் பசியை மட்டும்தான்.

மறுநாள் கூட்டம். மேனேஜர், எங்கள் டாக்டர், சூப்பர்வைசர், நான். லாசரை நிரந்தரமாகக் கீழே போட்டுவிடலாம், எல்லோருக்கும் பாதுகாப்பு என்று மேனேஜர் ஆரம்பித்தார். நான் எழுந்து மூன்று விஷயம் கேட்டேன். கேபினுக்குத் தண்ணீர் போக வேண்டும். கிரேனுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை வேண்டும். காலையிலும் மதியமும் நடுவில் ஒரு முறை ஸ்பேர் ஆள் ஏறி மாற்றிவிட வேண்டும்.

"அவர் சாப்பாட்டக் குறைக்கத்தானே உங்களக் கூப்பிட்டோம். நீங்க கக்கூஸு கேக்கறீங்க" என்றார் மேனேஜர்.

"சாப்பாட்டக் குறைக்கத்தான் சார் கேக்கறேன்" என்றேன். "அவரக் கீழ போட்டுடலாம். அந்தக் கேபின்ல நாளைக்கு வேற ஒருத்தர் ஏறுவார். அவரும் குடிக்க மாட்டார். இவர் தல சுத்துதுன்னு சொன்னார், சார். அவர் சொல்லாம இருந்துட்டா?"

தொங்கிய கண்டெய்னரை மேனேஜரும் பார்த்தவர்தான். டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். ரத்த அழுத்தம் சரியானதும் ஏறட்டும், பரிசோதனை வரைக்கும் இப்படி நடத்திப் பார்க்கலாம், அன்றைக்கு எடையும் அழுத்தமும் இறங்காவிட்டால் நானே வேண்டாம் என்று எழுதுகிறேன் என்றார். ஆக, லாசருக்குக் கடைசி வாய்ப்பு ஒன்று கிடைத்தது.

கிரேனுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக் கழிப்பறை வந்தது. தண்ணீர் பாட்டில் மேலே போனது. நான் அந்த வாரம் யார்டுக்குப் போனபோது ஆசையாக முதலில் பாட்டிலைத்தான் பார்த்தேன். போனது போலவே நிறைந்து திரும்பி வந்திருந்தது.

"பசங்க சிரிக்கிறானுங்க மேடம்" என்றார் லாசர். அதில் முதல் ஆள் செல்வம்தான் என்று விசாரித்ததில் தெரிந்தது. பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பால் பாட்டிலா?" என்று கேட்டாராம். அன்றைக்கு உயிரைக் கொடுத்து ஏணியில் இறக்கிக்கொண்டு வந்த அதே செல்வம். ஆம்பளைகளின் ரோஷத்துக்கு அடியும் கிடையாது, நுனியும் கிடையாது. எனக்கு ஆயாசமாகிவிட்டது. தகரக் கொட்டகையும் தண்ணீரும் கேட்டு வாங்கிக் கொடுக்க முடிந்த என்னால், குடிக்க வைக்க முடியவில்லை.

"அன்னிக்கு மைக்ல தல சுத்துதுன்னு சொன்னீங்களே, அப்ப யாராவது சிரிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம்."

"அதைச் சொல்ல வெக்கப்படாத ஆளு, இதுக்கு என்னண்ணே வெக்கம்? கேபின் வேணுமா, வேண்டாமா?"

லாசர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த முறை நான் யார்டுக்குப் போயிருந்தேன். நர்ஸின் மேசை மேல் வாக்கி டாக்கி வழக்கம்போலக் கரகரத்தது. யார்டில் இருக்கிற எல்லோருடைய கையிலும், கேட்டிலும், மேனேஜர் அறையிலும் கேட்கிற அதே அலைவரிசை. அதில் லாசரின் குரல், கண்டெய்னர் எண் சொல்கிற அதே நிதானத்தோடு வந்தது.

"செல்வம், மேல வா. ஒண்ணுக்குப் போவணும்."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் யார்டே சிரித்தது. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பொத்திக்கொள்ளவில்லை. சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு செல்வத்தின் குரல் வந்தது.

"வந்துகினே கீறேன் நைனா."

அன்று சாயங்காலத்துக்குள் பக்கத்துக் கிரேனிலிருந்து, "எனுக்கும்பா" என்று இன்னொரு குரல் கேட்டதாம். அதற்கு யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லையாம்.

அதற்கப்புறம்தான் நான் முதலில் சொன்ன யோசனைகள் எல்லாம் வேலை செய்ய ஆரம்பித்தன. பேய் இறங்கிய பிறகு அவரால் மெதுவாக மெல்ல முடிந்தது, காய்கறியைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள முடிந்தது, இரண்டாவது முறை சோறு போட வரும் எமிலியின் கையைத் தடுக்க முடிந்தது. பரிசோதனை நாளில் ரத்த அழுத்தம் நன்றாகவே இறங்கியிருந்தது. எடை டாக்டர் கேட்ட அளவுக்கு இறங்கவில்லை, ஆனால் இறங்கியிருந்தது. இப்படியே போனால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் கேட்டார், "என்ன டயட்டுப்பா இது? இந்த மேடம் அப்படி என்ன சாப்பிடச் சொன்னாங்க?"

"அவங்க எங்க சார் துன்னச் சொன்னாங்க" என்றார் லாசர். "போவச் சொன்னாங்க."

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கொஞ்ச நாள் கழித்து எமிலி தனியாக என் அறைக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் அதற்கேற்ற முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்ததும் சண்டைக்கு வந்தார்.

"இன்னா வைத்தியம் மேடம் பண்ணீங்க அந்தாளுக்கு? நேத்து கொழம்புல புளி தூக்கலா கீதுன்றாரு! கண்ணாலம் ஆன நாள்லேந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள் இப்டி சொன்னதில்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? வாயில வெச்சிப் பாத்தேன். மெய்யாலுமே தூக்கல்தான் மேடம்." எமிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தொடர்ந்தார். "சரி, எல்லாந் தெரிஞ்சவரு, நாளிக்கு இன்னா வெக்கட்டும், நீயே சொல்லுன்னேன். கேட்டா எப்பவும் இன்னாவோ வெய்யின்னுதான் சொல்வாரு. நேத்து குந்தி யோசிச்சாரு மேடம். வெண்டிக்கா போட்டு மோர்க்கொழம்பு வெய்யின்னாரு."

கைப்பையின் வாரைத் திருகினார்.

"அந்தாளுக்கு மோர்க்கொழம்பு புடிக்கும்னே எனுக்கு நேத்துதான் மேடம் தெரியும்."